கூடாரத்திற்கு இரண்டு பெயர்கள்: தமிழ் விவிலியச் சொற்களும் மறைப்பொருள் விளக்கமும்

சிங்கப்பூரின் முதல் துணை நகரமாக எழுந்தது குவீன்ஸ்டவுன். 1953ஆம் ஆண்டில் இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவை நினைவுகூர்ந்து பெயரிடப்பட்ட இந்நகரில், காமன்வெல்த் டிரைவ் சாலையோரம் கத்தோலிக்கரின் நற்கருணை ஆலயம் நிற்கின்றது. 1965ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற அவ்வாலயத்தின் கூரை மடிப்பு மடிப்பாகத் தாழ்ந்து இறங்கி, நாற்புறமும் இழுத்துக் கட்டிய கூடாரம் போலத் தோன்றும். 2005ஆம் ஆண்டில் அது பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடமாக அறிவிக்கப்பட்டது. அக்கூரையின் வடிவம் அழகு கருதி மட்டும் அமைந்ததன்று. எகிப்தினின்று வெளியேறிய இஸ்ரயேல் மக்கள் பாலைவனத்தில் தம்முடன் எடுத்துச் சென்ற வழிபாட்டுக் கூடாரத்தை அது குறிக்கின்றது.

அக்கூடாரத்தின் பெயரைத் தமிழில் தேடுவோர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. சீர்திருத்தத் திருச்சபையார் கையாளும் வேதாகமத்தில் அது 'ஆசரிப்புக் கூடாரம்' எனப்படுகின்றது. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியத்தில் அதுவே 'சந்திப்புக் கூடாரம்' எனப்படுகின்றது. முன்னது, மனிதன் அங்கே செய்யும் கடமையைச் சுட்டுகின்றது. ஆசரித்தல் என்பது நியமத்தோடு கைக்கொள்ளுதல். பின்னது, அங்கே நிகழும் உறவைச் சுட்டுகின்றது. இறைவனும் மனிதனும் எதிர்ப்படும் இடம் அது. எபிரேய மூலத்தில் உள்ள 'மோவேத்' என்னும் சொல்லோ குறித்த காலம், திருவிழா, சந்திப்பு ஆகிய பொருள்கள் அனைத்தையும் தன்னுள் கொண்டது. ஆகவே இரண்டு பெயர்களும் பிழையல்ல. எனினும் ஒரு பெயரைத் தேர்ந்த அளவிலேயே மொழிபெயர்ப்பாளர் மறைநூலுக்கு உரை எழுதியவர் ஆகிவிடுகின்றார்.

தமிழ்க் கிறித்தவ இறையியல் எங்கே பிறந்தது என்று கேட்டால், தனி ஆராய்ச்சி நூல்களை எடுத்துக் காட்டுவது வழக்கம். அந்நூல்கள் தோன்றுவதற்கு மிக முன்னரே, எந்தச் சொல்லைக் கொள்வது, எந்தச் சொல்லைத் தள்ளுவது என்னும் போராட்டத்திலேயே அவ்விறையியல் பிறந்துவிட்டது. நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடைபெற்று வரும் அப்போராட்டத்தின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

இறைவனுக்கு ஒரு பெயர்

தமிழ்மொழி முதன்முதலில் அச்சேறியது கிறித்தவ மறைக்கல்வி நூல்களின் வாயிலாகவே என்பதை நாம் அறிவோம். 1554ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் போர்ச்சுகீசியத்துடன் தமிழும் உரோமானிய எழுத்தில் அமைந்த சிறு மறைக்கல்விச் சுவடி ஒன்று அச்சாயிற்று. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில், அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே பதினாறு பக்கங்களில் வெளிவந்தது. இத்தகைய தொன்னூல்களை உலகத் தமிழறிஞரின் கவனத்திற்குக் கொணர்ந்தவர்களுள் தனிநாயக அடிகளார் முதன்மையானவர். அவர் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய இயல் துறையின் தலைவராக விளங்கியவர். 1966ஆம் ஆண்டில் முதல் உலகத் தமிழ் மாநாடு அந்நகரில் நிகழக் காரணமாயிருந்தவர்.

அண்டிரிக் அடிகளார் தம் நூலுக்குத் 'தம்பிரான்' என்று தலைப்பிட்டார். சைவ மரபில் ஊறிய சொல் அது. சுந்தரரைத் தம்பிரான் தோழர் எனப் போற்றும் வழக்கை மாணவரும் அறிவர். ஆனால் தூய ஆவியைக் குறிக்க அக்காலத்தார்க்குத் தமிழ்ச்சொல் வாய்க்கவில்லை. போர்ச்சுகீசியச் சொல்லையே 'இஸ்பிரீத்து சாந்து' என எழுதினர். இறைவனைக் குறிக்க உள்ளூர்ச் சொல் ஒன்றை நம்பி ஏற்றவர்கள், ஆவியைக் குறிக்க அவ்வாறு நம்பத் துணியவில்லை. தமிழில் 'ஆவி' என்றால் உயிர், மூச்சு என்பதோடு பேய் என்னும் எண்ணமும் உடன் வரும் என்று அவர்கள் அஞ்சியிருத்தல் கூடும். பிற்காலத்தார் 'பரிசுத்த' என்றும் 'தூய' என்றும் அடைமொழி கொடுத்து அச்சொல்லையே ஏற்றுக் கொண்டனர்.

1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி வேறொரு வழியைத் தெரிந்தெடுத்தார். அயல்மொழி ஒலிகளைத் தமிழில் திணிப்பதால் சமயம் அயலாகவே நின்றுவிடும் என அவர் கருதினார். உயர்ந்தோர் வழக்கில் நிலவிய வடசொற்களைக் கொண்டு புதிய கலைச்சொல் மரபினை உருவாக்கினார். இறைவனுக்கு அவர் வழங்கிய பெயர் 'சருவேசுரன்'. 'ஈசுரன்' என்ற அளவில் நின்றிருந்தால் சைவக் கடவுளாகவே கொள்ளப்பட்டிருக்கும். 'சருவ' என்னும் அடைமொழி, எல்லாவற்றுக்கும் தலைவன் ஒருவனே என்னும் கொள்கையைச் சேர்த்துக் கொடுத்தது. ஒரே சொல்லில் உறவும் வேறுபாடும் அமைந்த திறம் இது. அவருக்குப் பின்வந்த வீரமாமுனிவரும், கத்தோலிக்க மக்கள் தம் செபங்களிலும், நெடுங்காலம் அச்சொல்லையே வழங்கினர்.

தரங்கம்பாடியின் பணி

சீர்திருத்தத் திருச்சபையினர்க்கோ மறைநூலை மக்களின் மொழியில் தருவதே தலையாய கடமையாக இருந்தது. 1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், ஐந்தே ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி முடித்தார். 1714, 1715ஆம் ஆண்டுகளில் அது அச்சாகி வெளிவந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் ஆகமம் வரை மொழிபெயர்த்த நிலையில், 1719ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். எஞ்சிய பகுதியைச் சுல்ட்ஸ் நிறைவு செய்தார். அவ்வகையில் இந்திய மொழிகளுள் முழு விவிலியத்தையும் முதன்முதல் அச்சிற் பெற்ற பெருமை தமிழுக்கு வாய்த்தது.

கொள்கையில் உரோமைத் திருச்சபையோடு மாறுபட்ட சீகன்பால்க், இறைவனின் பெயருக்கு அவர்கள் வழங்கிய 'சருவேசுரன்' என்பதையே எடுத்தாண்டார். ஐரோப்பாவில் இருபிரிவினரையும் பிரித்த மதில் தமிழ்ச்சொல்லின் வாயிலில் திறந்து கிடந்தது எனலாம். ஆயினும் பகைமை ஓயவில்லை. வீரமாமுனிவர் தம் 'வேத விளக்கம்' என்னும் நூலில் தரங்கம்பாடியாரின் கொள்கைகளை மறுத்ததோடு அவர்களின் தமிழ்நடையையும் எள்ளினார். இலக்கண வளமும் காவியத் திறமும் வாய்ந்த அவர்க்கு, கடற்கரையூரின் பேச்சுத்தமிழ் கலந்த மொழிபெயர்ப்பு சுவைக்கவில்லை. மறைநூல் கற்றோர் தமிழில் இருத்தல் வேண்டுமா, கல்லாதாரும் உணரும் தமிழில் இருத்தல் வேண்டுமா என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது.

இவ்வினாவிற்கு நடுநிலையான விடை காண முயன்றவர் பிலிப் பெப்ரீசியுஸ். 1740ஆம் ஆண்டில் தமிழகம் வந்த அவர், சென்னையில் இருந்துகொண்டு பல்லாண்டுகள் சொல் சொல்லாக ஆராய்ந்து மொழிபெயர்த்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1772ஆம் ஆண்டில் வெளிவந்தது. பழைய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது அவர் மறைவுக்குப் பின்னர், 1796ஆம் ஆண்டில்தான். அவர் மொழிபெயர்ப்பில் இறைவன் 'பராபரன்' ஆனான். தாயுமானவரின் 'பராபரக்கண்ணி' வாயிலாகத் தமிழர் நெஞ்சில் பதிந்த சொல் அது. மேலானதற்கும் மேலானவன் என்றும், மேலும் கீழும் ஆனவன் என்றும் அதற்குப் பொருள் கூறுவர். எட்டாத உயரத்தையும் எளிவந்த அண்மையையும் ஒருங்கே உணர்த்தவல்ல சொல்லைத் தேடிய ஒருவர், சித்தர் மரபின் வாசலில் அதனைக் கண்டெடுத்தார்.

திருத்தமும் கூக்குரலும்

பெப்ரீசியுஸின் தமிழ் இரண்டு தலைமுறைகளின் வழிபாட்டில் கலந்து தழைத்திருந்த காலத்தில், திருநெல்வேலிச் சீமையில் பணியாற்றிய இரேனியுஸ் அதனைத் திருத்தத் தொடங்கினார். மொழிபெயர்ப்பின் கொள்கைகளைப் பற்றி அவர் தனியே ஒரு கட்டுரை நூலையும் எழுதினார். மூலமொழியின் சொற்றொடர் அமைப்பைத் தமிழில் வலிந்து கொண்டுவருதல் கூடாது. படிப்பவர்க்குப் பொருள் விளங்குவதே மொழிபெயர்ப்பின் பயன் என்பது அவர் கருத்து. இன்று மொழிபெயர்ப்புக் கலையைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இக்கருத்தை மறுக்கார்.

ஆனால் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் மறுத்தார். பாடலாலும் கதைப்பாட்டாலும் தமிழ்க் கிறித்தவ வழிபாட்டுக்கு உயிரூட்டிய பெருங்கவிஞர் அவர். இத்திருத்தத்தை அவர் கடுமையாக எதிர்த்து எழுதினார். அதனைப் பழமைப் பற்று என்று சிலர் ஒதுக்கக்கூடும். அவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது. மனப்பாடமாய் உள்ளத்தில் தங்கி, துன்பத்திலும் மரணப் படுக்கையிலும் நாவில் எழும் மொழியை, ஓர் அயல்நாட்டு அறிஞர் தம் ஆராய்ச்சியின் பேரால் மாற்றலாமா என்பதே சாஸ்திரியார் எழுப்பிய வினாவின் உட்பொருள். மறைநூலின் பொருளை வரையறுக்கும் உரிமை மொழிநூல் வல்லார்க்கு உரியதா, அதனைக் கொண்டு வாழும் சபையார்க்கு உரியதா? இவ்வினா தமிழர்க்கு மட்டும் உரியதன்று. இலத்தீன் மொழியில் எரோனிமுஸ் புதிய மொழிபெயர்ப்பைத் தந்தபோது, பழைய சொல்லுக்குப் பழகிய மக்கள் கலங்கியதை அகுஸ்தீன் முனிவரும் அவருக்கு எழுதியிருக்கின்றார்.

நாவலரும் வேதாகமமும்

தமிழ் விவிலிய வரலாற்றில் மிக வியப்பான பகுதி யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. வெஸ்லியன் சபையைச் சேர்ந்த பீட்டர் பெர்சிவல் மேற்கொண்ட மொழிபெயர்ப்புப் பணிக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். சைவ மரபை மீட்டெழச் செய்த அப்பெரியாரின் தமிழ்ப் புலமை, கிறித்தவ மறைநூலின் உரைநடையைச் செப்பம் செய்தது. 1850ஆம் ஆண்டில் அம்மொழிபெயர்ப்பு வெளிவந்தது. தமிழகத்துச் சபைகள் பல அதனை ஏற்கவில்லை. எனினும் அப்பணியின் பயன் எதிர்பாராத இடத்தில் விளைந்தது.

மறைநூலை வரிவரியாகக் கற்ற நாவலர், 1854ஆம் ஆண்டில் 'சைவதூஷண பரிகாரம்' என்னும் நூலை வெளியிட்டார். சைவத்தின் ஆலய வழிபாட்டையும் சடங்குகளையும் பழித்த பாதிரிமார்க்கு, அவர்கள் கையிலிருந்த வேதாகமத்தையே எடுத்து அவர் விடை கூறினார். தூபமும் தீபமும் பலியும் நியமமும் பழைய ஏற்பாட்டில் இறைவனே விதித்தவையாக இருக்க, அவற்றைச் சைவரிடம் கண்டு இகழ்வது எங்ஙனம் தகும் என்பது அவர் வாதம். கிறித்தவர் அல்லாத தமிழறிஞர் ஒருவர் விவிலியத்தின் வழிபாட்டுப் பகுதிகளுக்குத் தந்த தேர்ந்த விளக்கமாக இதனைக் கொள்ளுதல் வேண்டும். சமயப் பிணக்கிலே பிறந்ததாயினும் அதில் நூலறிவு உண்டு; மூலத்தை ஊன்றிப் படித்த நேர்மையும் உண்டு. பாலைவனத்துக் கூடாரத்தின் வழிபாட்டைத் தமிழ்க் கோயிலொழுக்கத்தோடு ஒப்பிட்டுக் காண அவர் திறந்த வழி, பிற்காலத்து ஒப்பியல் ஆய்வுக்கு ஒரு முன்னோடி எனலாம்.

நாவலர் துணைநின்ற மொழிபெயர்ப்புக்குப்பின் பல சபையாரும் கூடி அமைத்த குழுவில், ஹென்றி பவர் தலைமை ஏற்க, முத்தையா பிள்ளை தமிழ்ப்புலவராகத் துணைநிற்க, 1871ஆம் ஆண்டில் ஐக்கிய மொழிபெயர்ப்பு நிறைவெய்தியது. சீர்திருத்தத் திருச்சபையார் பெரும்பாலோர் கையில் இன்றும் திகழ்வது அதுவே. அதன்கண் 'பராபரன்' நீங்கித் 'தேவன்' இடம்பெற்றான். தேவர் பலருள் ஒருவன் என்று பொருள்படும் சொல் ஒருவனேயாகிய இறைவனுக்குப் பொருந்துமோ என ஐயுற்றோர் உண்டு. ஆயினும் நூற்றைம்பது ஆண்டுப் பயிற்சி அச்சொல்லின் பழம்பொருளை மாற்றிவிட்டது. கிறித்தவர் வாயில் 'தேவன்' என்பது பன்மையை நினைவூட்டுவதில்லை. சொல் வழிபாட்டை உருவாக்குவது போலவே வழிபாடும் சொல்லை உருவாக்கும் என்பதற்கு இது சான்று.

இருபதாம் நூற்றாண்டில் திருத்திய பதிப்புகள் 1936ஆம் ஆண்டில் லார்சன் என்னும் டென்மார்க்கு அறிஞர் தலைமையிலும், மீண்டும் 1956ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. தனித்தமிழ் உணர்வு ஓங்கிய அக்காலத்தில் 'கடவுள்' என்னும் சொல் முன்னின்றது. தொல்காப்பியத்திலேயே பயின்ற அச்சொல், எல்லாவற்றையும் கடந்தும் உள்ளும் நிற்பவன் எனப் பொருள் கூறுதற்கும் இடம் தந்தது. அறிஞர் போற்றியும், அத்திருத்தங்கள் வழிபாட்டில் பரவவில்லை. சாஸ்திரியாரின் பழைய வினா மீண்டும் வென்றது எனலாம்.

ஒரு வாக்கியத்தின் உரைகள்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடைபெற்றது. கத்தோலிக்க வழிபாடு மக்களின் மொழிகளுக்கு மாறியது. மறைநூலை அனைவரும் எளிதிற் பெறல் வேண்டும் என்றும், பிரிந்த சபையாரோடு கூடி மொழிபெயர்ப்பதும் ஆகும் என்றும் அச்சங்கம் கூறியது. தமிழில் அதன் பெரும்பயன் 1995ஆம் ஆண்டின் திருவிவிலியம். கத்தோலிக்க அறிஞரும் சீர்திருத்தச் சபை அறிஞரும் ஒருங்கிருந்து செய்த பொது மொழிபெயர்ப்பு அது. நூலின் பெயரிலேயே வரலாற்று மாற்றம் தெரிகின்றது. 'வேதாகமம்' என்பது வேதம், ஆகமம் என்னும் இரண்டையும் இணைத்து இந்நாட்டு மறைகளின் வரிசையில் இந்நூலை வைத்தது. 'விவிலியம்' என்பது கிரேக்கத்தில் நூல்களைக் குறிக்கும் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைத்து, இது தன்வரலாறு உடைய தனிநூல் என்றது.

இவ்விரு மொழிபெயர்ப்புகளையும் யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்துப் பதினான்காம் வசனத்தில் வைத்து ஒப்பிட்டால், மறைப்பொருள் விளக்கம் எவ்வாறு சொல்லில் தங்கியுள்ளது என்பது தெளிவாகும். இறைவனின் வாக்கு மனித உடலெடுத்து மனிதரிடையே தங்கியதைக் கூறும் வசனம் அது.

முதலாவது, 'லோகோஸ்' என்னும் கிரேக்கச் சொல். ஐக்கிய மொழிபெயர்ப்பு அதனை 'வார்த்தை' என்கின்றது. திருவிவிலியம் 'வாக்கு' என்கின்றது. இரண்டும் வடமொழி வழி வந்தவையே. ஆதலின் இம்மாற்றத்தைத் தனித்தமிழ்ப் பற்றின் விளைவு என்று கூறுதல் இயலாது. பேசப்படும் சொல்லை 'வார்த்தை' சுட்டுகின்றது. வாக்குக் கொடுத்தல், அருள்வாக்கு என்னும் வழக்குகளை எண்ணினால், சொன்னவரின் உறுதியையும் ஆற்றலையும் 'வாக்கு' உடன் கொணர்வது விளங்கும்.

இரண்டாவது, 'சார்க்ஸ்' என்னும் சொல். தசை என்பது அதன் நேர்ப்பொருள். ஐக்கிய மொழிபெயர்ப்பு 'மாம்சம்' என்று அதனைத் துணிந்து கூறுகின்றது. திருவிவிலியம் 'மனிதர்' என்கின்றது. கிறிஸ்து உண்மையான உடலோடு வரவில்லை, உடல் போலத் தோன்றினார் என்று கூறியோர் முற்காலத்தில் இருந்தனர். யோவானின் பெயரால் வழங்கும் திருமுகங்களும் அவர்களை மறுக்கின்றன. அச்சூழலில் 'மாம்சம்' என்னும் சொல்லின் கூர்மை மிக வேண்டியது. ஆனால் இன்றைய தமிழில் அச்சொல் இறைச்சியை நினைவூட்டுதலால், பொருள் எளிதில் விளங்க 'மனிதர்' என்பதைப் புதிய மொழிபெயர்ப்பாளர் கொண்டனர். தெளிவு கூடியது, கூர்மை சற்றே மழுங்கியது. மொழிபெயர்ப்பில் எந்த ஆதாயமும் இழப்பின்றி வருவதில்லை.

மூன்றாவது, தமிழாசிரியர் சிறப்பாகக் கருத வேண்டிய இலக்கணக் குறிப்பு. தன்மைப் பன்மையில் கேட்போரை உளப்படுத்தி 'நாம்' என்றும், உளப்படுத்தாது 'நாங்கள்' என்றும் தமிழ் வேறுபடுத்துகின்றது. கிரேக்கத்தில் இவ்வேறுபாடு இல்லை. இவ்வசனத்தில் 'நாம்' அல்லது 'நாங்கள்' எனப் பொருள்கொள்ளத்தக்க இடங்கள் இரண்டு வருகின்றன: வாக்கு தங்கியது யாரிடையே? அதன் மாட்சியைக் கண்டவர் யார்? ஐக்கிய மொழிபெயர்ப்பு முதலிடத்தில் கேட்போரை உளப்படுத்திக் கூறி, இரண்டாமிடத்தில் 'கண்டோம்' என்னும் வினைமுற்றோடு நிறுத்தி, முடிவைப் படிப்போர்க்கே விட்டுவிடுகின்றது. திருவிவிலியம் முதலிடத்தில் 'நம்மிடையே' என்றும் இரண்டாமிடத்தில் 'நாங்கள்' என்றும் வெளிப்படையாகப் பிரித்துவிடுகின்றது. தங்கியது அனைவரிடையேயும், கண்ணாற் கண்டு சான்று பகர்ந்தவரோ திருத்தூதர் ஒரு சிலர் என்னும் உரை ஒரே எழுவாயில் அடங்கிவிட்டது. கிரேக்க உரையாசிரியர் பக்கம் பக்கமாக எழுதி நிறுவ வேண்டிய செய்தியைத் தமிழ் இலக்கணம் மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டு வாங்கிவிட்டது.

இதுபோன்றதே 'நீ', 'நீர்' என்னும் வேறுபாடும். மூலமொழிகளில் ஒருவரை முன்னிலைப்படுத்தும் சொல்லில் மரியாதை வேறுபாடு இல்லை. தமிழிலோ இயேசுவிடம் பேசும் ஒவ்வொருவரும் அவரை எவ்வாறு மதித்தார் என்பதை மொழிபெயர்ப்பாளர் தீர்மானித்தே ஆகவேண்டும். ஐக்கிய மொழிபெயர்ப்பில் சீடர் 'நீர்' என்கின்றனர். தீர்ப்பிருக்கையில் அமர்ந்த பிலாத்து 'நீ' என்கின்றான். கிணற்றங்கரையில் அவரை யாரென்றறியாத சமாரியப் பெண்ணோ தொடக்கத்திலேயே 'நீர்' என்கின்றாள். அயலானிடம் காட்டிய பொதுமரியாதையா, பின்னர் அவள் கொள்ளப்போகும் நம்பிக்கையின் முன்னறிகுறியா என்று வகுப்பில் மாணவரிடம் கேட்கலாம். மூலநூலில் எழாத வினா அது; தமிழிலேயே எழுகின்றது.

நான்காவது, தங்குதலைக் குறிக்கும் வினை. கிரேக்கத்தில் யோவான் கையாண்ட சொல்லின் வேர் 'ஸ்கேனே', அதாவது கூடாரம். கூடாரமடித்துத் தங்கினார் என்பது அதன் நேர்ப்பொருள். பாலைவனத்துக் கூடாரத்தை நினைவூட்டவே அவர் அச்சொல்லைக் கொண்டார் என்பர் உரையாளர். ஐக்கிய மொழிபெயர்ப்பின் 'வாசம்பண்ணினார்' என்பதிலும் திருவிவிலியத்தின் 'குடிகொண்டார்' என்பதிலும் கூடாரம் மறைந்துவிட்டது. ஆனால் 'குடிகொள்ளுதல்' என்னும் தமிழ் வழக்கு, தெய்வம் கோயிலிலும் அன்பர் உள்ளத்திலும் எழுந்தருளுவதைச் சுட்டும். மூலத்தின் ஒரு நினைவு போய், தமிழ்ப் பக்தியின் வேறொரு நினைவு அவ்விடத்தில் வந்து அமர்ந்தது.

இப்பக்தி நினைவையே தம் இறையியலின் அடிப்படையாகக் கொண்டவர் பாளையங்கோட்டையிற் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி. 1891 முதல் 1975 வரை வாழ்ந்த அவர், தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயராகவும் இருந்தவர். 1927ஆம் ஆண்டில் வெளியான ஆங்கில நூலில், கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கினார். யோவான் நற்செய்தியில் தந்தையும் மகனும் ஒன்றாயிருத்தல் என்பதனை, இரண்டறக் கலத்தலாக அன்றி, அன்பாலும் உள்ளத்தாலும் ஒன்றிய உறவாக அவர் கொண்டார். இராமானுசர் மரபின் சாயலை அவ்வுரையில் காணலாம். சொற்களிலே மறைந்து கிடந்த இறையியலை அவர் வெளிப்படையாக எடுத்து எழுதினார். அதற்கான மண் அவருக்கு முன்பே, தம்பிரான், பராபரன் என்னும் சொற்களால் உழப்பட்டிருந்தது.

சிங்கப்பூரில் கூடிய சொற்கள்

தமிழகத்திலும் ஈழத்திலும் தனித்தனியே வளர்ந்த இம்மரபுகள் சிங்கப்பூரில் ஒரே தீவில் அருகருகே வந்து சேர்ந்தன. 1888ஆம் ஆண்டில் ஓஃபிர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கர்க்காக எழுந்த லூர்து அன்னை ஆலயத்தில் 'சருவேசுரன்' ஒலித்தான். 1887ஆம் ஆண்டில் தொடங்கி, ஷார்ட் ஸ்திரீட்டில் விளங்கும் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபையிலும், டோர்செட் சாலையின் ஆங்கிலிக்கன் ஆலயத்திலும் 'தேவன்' ஒலித்தான். குட்டி இந்தியாவை ஒட்டிய சில தெருக்களுக்குள்ளேயே தமிழ் இறையியலின் இரு மரபுகள் அடங்கியிருந்தன.

பின்னர் வீவக அடுக்குமாடிகள் எழ, மக்கள் புதிய நகர்களுக்குப் பெயர்ந்தனர். குவீன்ஸ்டவுனில் தொடர்வண்டிப் பாதைத் தொழிலாளர் தொடங்கிய வழிபாடு ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயமாக வளர்ந்தது. அதே காமன்வெல்த் டிரைவில் கூடாரக் கூரையுடைய ஆலயமும் எழுந்தது. அவ்வழியே ஓடிய தொடர்வண்டி 2011ஆம் ஆண்டில் நின்றது. அருகிலுள்ள தங்ளின் ஹால்ட்டின் பழைய அடுக்குமாடிகளிலிருந்து குடியிருப்போர் மீண்டும் பெயரவேண்டும் என 2014ஆம் ஆண்டில் அறிவிப்பு வந்தது. யாத்திராகமத்தில் மேகம் எழும்போது மக்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். நிலையான கோயில் இல்லாத இடத்திலும் இறைவன் உடன்வருவான் என்பதே அக்கூடாரம் உணர்த்தும் இறையியல். ஊர் பெயர்ந்து, தீவுக்குள்ளும் வீடு பெயர்ந்து வாழ்ந்த தமிழர்க்கு இக்கருத்து விளக்கம் வேண்டாதது.

அவ்வாறு பெயர்ந்தவர் எடுத்துச் செல்லவேண்டிய பொருள்களுள் சொல்லும் ஒன்று. இந்நாட்டில் வளரும் தமிழ்க் கிறித்தவ இளைஞர் பலர், மறைநூலை ஆங்கிலத்திற் கற்று, தமிழை வழிபாட்டின் ஒலியாக மட்டும் கேட்கின்றனர். ஆங்கிலத்தில் 'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாடு இல்லை. 'நீ', 'நீர்' என்னும் வேறுபாடும் இல்லை. எனவே, மேலே கண்ட வினாக்கள் அவர்கள் உள்ளத்தில் எழுவதற்கே வாய்ப்பில்லை. தமிழில் மறைநூலைப் படிப்போர்க்கு அவை தாமே எழுகின்றன. நானூறு ஆண்டுகளாகப் பலர் உழைத்துச் சேர்த்த சிந்தனைச் செல்வம், படிப்போர் இல்லாமையால் பேச்சற்றுப் போகலாம் என்பதே இன்றைய கவலை.

இச்செல்வம் கிறித்தவர்க்கு மட்டும் உரியதன்று. நாவலர் அதனைப் படித்தார்; முத்தையா பிள்ளை அதற்கு உழைத்தார். தமிழ் உரைநடை வளர்ந்த வகையை அறிய விரும்பும் ஆசிரியர், பெப்ரீசியுஸின் மொழிபெயர்ப்பு, 1871ஆம் ஆண்டின் ஐக்கிய மொழிபெயர்ப்பு, 1995ஆம் ஆண்டின் திருவிவிலியம் ஆகிய மூன்றிலிருந்தும் ஒரே பகுதியை எடுத்து மாணவர்முன் வைக்கலாம். எது சிறந்தது என்று கேட்பதினும், ஒவ்வொருவரும் ஏன் அச்சொல்லைத் தேர்ந்தார் என்று கேட்டல் நன்று. ஆசரிப்பா, சந்திப்பா என்று ஒரு மாணவன் எண்ணத் தொடங்கினால், மொழிபெயர்ப்புப் பயிற்சியாகத் தொடங்கிய பாடம் தமிழ்ச் சிந்தனை வரலாற்றுப் பாடமாகவும் அமைந்துவிடும்.